நட்சத்திரத் தொட்டிலைக் கண்ட வாத்தியக்காரர்

மார்கழி மாதத்து இரவில் வானத்தைப் பாருங்கள். மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். மேல்நாட்டார் அதை "ஓரியன்" என்ற வேட்டைக்காரனின் இடைவார் என்பார்கள். இடைவாரின் கீழே அவனது வாள் தொங்குகிறது. வாளின் நடுவில் பஞ்சு போல மங்கலான ஒளி தெரியும்.

அது என்ன?

இந்தக் கேள்விக்காகப் பல ஆண்டுகள் கண் விழித்தவர் வில்லியம் ஹெர்ஷல்.

தங்கை ஊட்டிய சோறு

ஹெர்ஷல் 1738-ம் ஆண்டு ஜெர்மனியில் ஹானோவர் நகரில் பிறந்தார். தகப்பனார் பட்டாளத்து வாத்தியக்காரர். மகனும் 14 வயதில் அதே பாண்டு கோஷ்டியில் சேர்ந்தார்.

1757-ல் இங்கிலாந்துக்குப் போனார். இசைக் குறிப்புகளைப் பிரதி எடுத்துப் பிழைத்தார். பிறகு பாத் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்தது. 1772-ல் தங்கை கரோலினையும் அழைத்து வந்தார்.

பகலில் சங்கீதம். இரவில் வானம்!

பெரிய டெலஸ்கோப் வாங்கப் பணம் இல்லை. தாமே செய்தார். உலோகக் கண்ணாடியை மெருகேற்றும்போது கையை எடுக்கக் கூடாது. ஒரு தடவை 16 மணி நேரம் தொடர்ந்து தேய்த்தார். கரோலின்தான் அவர் வாயில் உணவை ஊட்டினார்.

1774 மார்ச்சில் ஓரியன் மேகத்தைப் பார்த்துக் குறித்து வைத்தார். 1781-ல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் புகழ் பரவியது. மன்னர் ஆண்டுக்கு 200 பவுன் சம்பளம் கொடுத்தார்.

தவறை ஒப்புக்கொண்டார்

வான மேகங்கள் எல்லாம் தொலைவில் உள்ள நட்சத்திரக் கூட்டங்களே என்று அவர் முதலில் நம்பினார். அப்படியே எழுதியும் விட்டார்.

1790 நவம்பர் 13. ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி ஒளிப்புகை படர்ந்திருப்பதைக் கண்டார். அது நட்சத்திரக் கூட்டம் அல்ல!

புகழின் உச்சியில் இருந்தவர் தயங்கவில்லை. தம் கொள்கை தவறு என்று மறு ஆண்டே வெளியிட்டார். 1811-ல் இன்னொரு படி மேலே போனார். இத்தகைய மேகம் தன் ஈர்ப்பால் சுருங்கி நட்சத்திரமாகிறது என்றார்.

இதில் ஒரு வேடிக்கை. அன்று அவர் கண்டது, சாகும் நட்சத்திரம் உதறிய போர்வை! ஆனாலும் ஓரியனைப் பற்றி அவர் சொன்னது பலித்தது.

அண்ணன் தம்பி போட்டி

ஓரியன் மேகம் சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதில் ஆயிரக்கணக்கான குழந்தை நட்சத்திரங்கள் உள்ளன. நம் சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டு. இவற்றுக்கோ சில பத்து லட்சம் ஆண்டுகள்தான்!

நடுவில் நான்கு நட்சத்திரங்கள் பளிச்சென்று எரிகின்றன. அவற்றில் பெரியது சூரியனைப் போல் 30 மடங்குக்கு மேல் எடை கொண்டது.

அது எப்படி இவ்வளவு பெரிதாயிற்று? வாய்க்கால் நீர் ஏரிக்கு வருவது போல, வாயு நடுவை நோக்கிப் பாய்கிறது. நடுவில் இருப்பதற்கு நிறையத் தீனி கிடைக்கிறது. சில நட்சத்திரங்கள் பெரிய வாயு உருண்டையிலிருந்து தனியாகவே பெரிதாகப் பிறக்கின்றன என்பாரும் உண்டு. ஆராய்ச்சி நடக்கிறது.

வளர்ந்த பெரியவர் சும்மா இருப்பதில்லை. தம் ஒளியாலும் காற்றாலும் மீதி வாயுவை விரட்டுகிறார். தம்பிமார் தீனி போய்விடுகிறது! ஆனால் பெரியவருக்கும் ஆயுள் குறைவு. சீக்கிரம் எரிந்து, வெடித்து மடிவார்.

ஹெர்ஷல் 1822-ல் தமது 83-வது வயதில் காலமானார். அண்ணன் கண்ட 2,500 மேகங்களையும் கூட்டங்களையும் கரோலின் ஒழுங்காகப் பட்டியல் போட்டு முடித்தார். அதற்காக 1828-ல் தங்கப் பதக்கம் பெற்றார். அன்று சோறு ஊட்டிய அதே கைதான்!