பேஸ்பால் வீரர் டு வக்கீல்: கிளப் முதலாளிகளை அலறவிட்ட ஜான் வார்டு யார்?

அமெரிக்காவில் இன்று ஒரு பேஸ்பால் வீரர் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு அணிக்குப் போகலாம். சம்பளம் பேச ஏஜென்ட் வைத்துக்கொள்ளலாம். 1880-களில் இது ரெண்டுமே கனவு. அந்தக் கனவுக்காக முதலில் சண்டை போட்டவர் ஜான் மாண்ட்கோமரி வார்டு.

களத்தில் கில்லி

1860-ல் பென்சில்வேனியா மாகாணத்தில் பிறந்தவர். 18 வயதில் பிராவிடன்ஸ் கிரேஸ் அணியின் பந்துவீச்சாளர். அடுத்த வருஷமே 47 வெற்றிகள்! 1880 ஜூன் 17-ல் எதிரணியில் ஒருத்தரைக்கூட முதல் தளத்தைத் தொடவிடாமல் ஆட்டத்தை முடித்தார். கையில் காயம்பட்டு பந்துவீச்சு கைவிட்டுப் போனபோதும் அசரவில்லை. நியூயார்க் அணியில் ஷார்ட்ஸ்டாப்பாக மாறி, பேட்டிங்கில் 2,000 ஹிட்களைத் தாண்டினார்.

என்ன பிரச்சினை?

'ரிசர்வ் விதி'தான். ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் பழைய கிளப்புக்கே சொந்தம். கிளப் அவரை விற்கலாம், நீக்கலாம். அவராக விலகி வேறு கிளப்பில் ஆட முடியாது.

விளையாடிக்கொண்டே கொலம்பியாவில் சட்டம் படித்து முடித்த வார்டு, 1885-ல் வீரர்களுக்கான முதல் சங்கத்தைத் தொடங்கினார். 1887-ல் எழுதிய கட்டுரையில் ரிசர்வ் விதியை, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கும் சட்டத்தோடு ஒப்பிட்டார். அடுத்த வருஷம் அவர் உலகச் சுற்றுப்பயணத்தில் இருந்த நேரம் பார்த்து, முதலாளிகள் சம்பளத்துக்கு 2,500 டாலர் உச்சவரம்பு வைத்தார்கள்.

பதிலடியாக 1890-ல் வீரர்களே தனி லீக் தொடங்கினார்கள். வார்டைத் தடுக்க நியூயார்க் கிளப் கோர்ட்டுக்குப் போனது. வீரரைக் காலவரையின்றிக் கட்டிப்போடும் கிளப், அவரை மட்டும் 10 நாள் நோட்டீஸில் அனுப்பலாம் என்ற ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமானது என்று கூறி, கோர்ட் தடை தர மறுத்தது. கோர்ட்டில் ஜெயிச்சாச்சு. ஆனா பணம் போட்டவர்கள் பழைய முதலாளிகளோடு சமரசம் பேசிவிட, புது லீக் ஒரே சீசனில் மூடப்பட்டது.

கறுப்பு கோட்டில் இரண்டாவது இன்னிங்ஸ்

34 வயதில் ஓய்வு பெற்று, நியூயார்க்கில் முழுநேர வக்கீலானார். கிளப்புகளுக்கு எதிராக வீரர்களுக்காக வாதாடினார். 1903-ல் ஜார்ஜ் டேவிஸ் அணி மாறிய விவகாரத்தில் அவர் பக்கம் நின்றார். அதற்கு விலையும் கொடுத்தார். 1909-ல் நேஷனல் லீக் தலைவர் பதவிக்கு வார்டு பெயர் அடிபட்டபோது, அதே விவகாரத்தைக் கிளறி எதிர்த்தார் அமெரிக்கன் லீக் தலைவர் பான் ஜான்சன். பதவி கிடைக்கவில்லை. ஆனால் ஜான்சன் மீது அவதூறு வழக்கு போட்டு ஜெயித்தார் வார்டு.

1925-ல், 65-வது பிறந்தநாளுக்கு மறுநாள் இறந்தார். ரிசர்வ் விதி உடைந்தது 1975-ல், அதுவும் ஒரு வீரர்கள் சங்கம் நடத்திய சட்டப் போராட்டத்தில்தான்.