விண்மீன் அறிஞர் சந்திரசேகர்

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின், 1930இல் மேற்படிப்பிற்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்பொழுது அவருக்கு வயது 19.

கடற்பயணத்தில் பிறர் பொழுதுபோக்க, அவரோ கணக்குப் போட்டார். எரிந்து ஓய்ந்த விண்மீன் கதிரவனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் எடையுடையதாயின், தன் பாரம் தாங்காது உள்நோக்கி நொறுங்கும் என்பதே அவர் பின்னர்ச் செப்பமாகக் கண்ட முடிவு.

1935 ஜனவரியில் இலண்டன் அறிஞர் அவையில் அதனை எடுத்துரைத்தார். பெரும்புகழ் பெற்ற எடிங்டன் அங்கேயே அதனை எள்ளி நகையாடினார், அவையும் சிரித்தது. இருபத்து நான்கு வயது இளைஞருக்கு எத்தகைய வேதனை! ஆயினும் சந்திரசேகர் அவரைப் பகைக்கவில்லை. அமெரிக்கா சென்று, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு உழைத்தார். 1983இல் நோபெல் பரிசு பெற்றார், 1995இல் மறைந்தார்.

நொறுங்கிய விண்மீனை நோக்கி இழுபடும் வாயு பல இலட்சம் பாகை சூடேறி எக்ஸ் கதிர்களை வீசும். மருத்துவமனையில் எலும்பைப் படம்பிடிக்கும் அதே கதிர்தான். கண்ணுக்குப் புலப்படாத அதனை நம் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. பினாங்கு மலையுச்சியில் எத்துணைப் பெரிய தொலைநோக்கியை நிறுத்தினும் பயனில்லை. ஆகவே 1999 ஜூலை 23ஆம் நாள் அமெரிக்கர் ஓர் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை விண்வெளிக்கே அனுப்பினர். நேராக மோதினால் இக்கதிர் ஆடிக்குள் புகுந்துவிடும். குளத்து நீரில் சாய்வாக எறிந்த ஓட்டாஞ்சில்லு தத்திச் செல்வதுபோல், ஆடியை உரசிச் சென்றால்தான் திரும்பும். அதனால் அதன் ஆடிகள் பீப்பாய் வடிவில் அமைந்தன.

அதற்குச் சூட்டிய பெயர் சந்திரா. நண்பர்கள் அவரை அழைத்ததும் அப்பெயரால்தான்.