சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் சரித்திரச் சுருக்கம்

இலங்கைச் சட்டநிரூபண சபையிலே தமிழர்க்குரிய ஆசனத்தில் தலைமுறை தலைமுறையாக வீற்றிருந்த குடி ஒன்றுண்டு. அக்குடியிற் பிறந்து, தாம் ஈட்டிய பொருளையும் பெருமையையும் கோயிலிலும் கல்விச்சாலையிலும் வைத்துச் சென்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள். ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைத்தற் பொருட்டு அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி எழுதுவாம்.

இவர் 1851ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 16ஆந் தேதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் கேற் முதலியார் பொன்னம்பலம். தாயார் செல்லாச்சி அம்மையார். தாய்வழிப் பாட்டனார் குமாரசுவாமி முதலியார் 1835இல் அச்சபையில் அங்கத்தவராயினார். பின்னர் அவர் புதல்வர் சேர் முத்துக்குமாரசுவாமி அவ்வாசனத்தைப் பெற்றார். கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி இவருடைய புதல்வரே. இராமநாதனுக்குத் தமையனார் குமாரசுவாமி, தம்பியார் அருணாசலம்.

1879இல் மாமனார் இறந்தபோது வெற்றிடமான ஆசனத்துக்கு வேறொருவரை விரும்பினாரும் இருந்தனர். அப்பொழுது ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள் தமது இறுதியாண்டிலே, 28 வயதினராகிய இராமநாதனே தக்கவரென யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துரைத்தனர். ஆசனம் இவருக்கே ஆயிற்று. 1892இல் சொலிசிற்றர் ஜெனரல் உத்தியோகம் பெற்றார். 1911இல், இலங்கை முழுவதிலுமுள்ள கற்றோர் வாக்களித்து ஓர் அங்கத்தவரைத் தெரிந்தெடுத்த முதல் தேர்தலிலே வெற்றி பெற்றார். முன்னே குடிப்பெருமையால் வந்த ஆசனம், இப்பொழுது சிங்களரும் தமிழரும் அளித்த வாக்கினால் வந்தது.

அந்நம்பிக்கைக்கு 1915இல் சோதனை நேர்ந்தது. கலகத்தை அடக்கும் பொருட்டு இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. குற்றமற்றவர் பலர் துன்புற்றனர். சிங்களத் தலைவர்கள் சிறையிலிடப்பட்டனர். இவர் சபையிலே அச்சமின்றி முறையிட்டார். யுத்தகாலத்துக் கடலபாயத்தையும் பொருட்படுத்தாது இலண்டன் சென்று வழக்குரைத்தார். மீண்டு வந்தபோது, சிங்களப் பெருமக்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு இவர் வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர்.

தந்தையார் 1857இல் கொழும்புக் கொச்சிக்கடையிலே எடுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை 1907 முதல் 1912 வரை முழுவதுங் கருங்கல்லாற் புதுக்குவித்தார். இது தந்தையார்க்குச் செய்த கடன். அடுத்துச் செய்தது நாட்டின் பிள்ளைகட்குச் செய்த கடன். சைவப் பெண்கள் தம் சமய ஒழுக்கத்தோடு ஆங்கிலமும் உயர்கல்வியும் பெறுதற்கு 1913இல் மருதனார்மடத்தருகே இராமநாதன் கல்லூரியையும், ஆண்பிள்ளைகட்கு 1921இல் திருநெல்வேலியிலே பரமேசுவரக் கல்லூரியையுந் தாபித்தார். அவுஸ்திரேலியாவிற் பிறந்து இவருக்கு இரண்டாம் மனைவியாராகிச் சைவநெறி நின்ற லீலாவதி அம்மையார் பெண்கள் கல்லூரியைத் தம் பிள்ளைபோற் பேணினார்.

பெரியாரைப் புகழுங்கால் அவர் தவறியவிடத்தை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. 1928இல் டொனமூர்க் குழுவினர் வயது வந்த யாவர்க்கும் வாக்குரிமை அளிக்க வேண்டுமெனக் கூறியபோது, இவர் அதனை வன்மையாக எதிர்த்தார். கல்லாதாரும் வறியோரும் அதனைப் பயன்படுத்த அறியாரென எண்ணினர் போலும். இலங்கைத் தேசிய காங்கிரசுக்கு 1919இல் முதற்றலைவராகிய தம்பியார் அருணாசலம், தொழிலாளர் துன்பந் தீர்க்க உழைத்து 1924இல் மதுரையிலே மறைந்துவிட்டார். தமையனாரோடு இதனை ஆராய அவர் அப்பொழுது இல்லை.

இராமநாதன் அவர்கள் 1930ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26ஆந் தேதி சிவபதமடைந்தார். மறுவருடமே ஆடவர் பெண்டிர் யாவரும் வாக்களித்தனர். பெண்கல்விக்கு வித்திட்ட கை பெண்களின் வாக்குரிமையைத் தடுக்க நீண்டது. வித்தோ முளைத்து வளர்ந்தது. பரமேசுவரக் கல்லூரி நின்ற நிலத்திலே 1974இல் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. குடியாசனங்கள் ஒழிந்தன, கல்விச்சாலைகள் நிலைத்தன. கற்பித்தவர் நினைத்த எல்லையோடு கல்வி நின்றுவிடுவதில்லை. வகுப்பிற் புகும்போதெல்லாம் நாம் இதனை நினைத்தல் தகும்.