கண்டதைக் கண்டவாறே எழுதியவர்

அமெரிக்காவின் சிகாகோ நகரை அடுத்த ஓக் பார்க்கில் 1861ஆம் ஆண்டு பிறந்தவர் ஜேம்ஸ் ஹெரிக். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின் சில காலம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். இலக்கியத்தில், சிறப்பாக ஆங்கிலப் பழங்கவிஞர் சாசரின் படைப்புகளில், தோய்ந்த உள்ளம் அவருடையது. பின்னர் ரஷ் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1888இல் மருத்துவரானார்.

1904ஆம் ஆண்டு டிசம்பர் திங்கள். மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் பயில வந்திருந்த கறுப்பின இளைஞர் ஒருவர் சிகாகோ பிரெஸ்பிடீரியன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இருமலும் காய்ச்சலும் அவரை வாட்டின. கால்களில் பழைய புண்களின் தழும்புகள் காணப்பட்டன. ஹெரிக்கின் கீழ்ப் பணியாற்றிய பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் ஐயன்ஸ் அவரது இரத்தத்தை நுண்ணோக்கியில் ஆய்ந்தார். சிவப்பணுக்களின் எண்ணிக்கை இயல்பான அளவில் ஏறத்தாழப் பாதியே இருந்தது. அதனினும் வியப்பளித்தது அவற்றின் வடிவம். இயல்பான சிவப்பணு வட்டமானது. இருபுறமும் நடுவில் குழிந்தது. இங்கோ, வட்ட அணுக்களுக்கிடையே நீண்டும் வளைந்தும் கதிர் அரிவாளைப் போன்ற அணுக்கள் தென்பட்டன.

கண்ட உடனே புதிய நோயென்று ஹெரிக் முழங்கிவிடவில்லை. இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பும்போதும் உலர்த்தும்போதும் சாயமேற்றும்போதும் அணுக்கள் உருக்குலைவது உண்டு. காண்பது நோயா, செய்முறைப் பிழையா என்னும் ஐயம் எழுந்தது. எனவே சாயமேற்றாத புதிய இரத்தத்திலும், வெவ்வேறு முறைகளில் பதப்படுத்திய இரத்தத்திலும் அணுக்கள் ஆராயப்பட்டன. எம்முறையில் நோக்கினும் அரிவாள் வடிவம் மாறவில்லை. பிழையன்று என்பது உறுதியாயிற்று.

ஆயினும் காரணம் புலப்படவில்லை. அவ்விளைஞரின் உடல்நிலையைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஹெரிக், 1910இல் மருத்துவ இதழொன்றில் தாம் கண்டவற்றை வெளியிட்டார். நோய்க்குப் பெயர் சூட்டவில்லை. அறியாததை அறிந்ததாகக் காட்டவும் இல்லை. இத்தகைய நோயாளிகள் வேறிடத்தும் காணப்பட்டால்தான் விடை கிட்டும் எனத் தெளிவுபடுத்தினார். கட்டுரை ஹெரிக்கின் பெயரில் மட்டுமே வெளிவந்தமையால், அணுக்களை முதலில் கண்ட ஐயன்ஸை உலகம் அதிகம் அறியவில்லை. அந்த இளைஞரோ படிப்பை முடித்துத் தாயகம் திரும்பிப் பல் மருத்துவராகப் பணியாற்றி, 1916இல் இளவயதிலேயே மறைந்தார்.

ஹெரிக் திறந்து வைத்த வினாவைப் பிறர் தொடர்ந்தனர். 1922இல் கதிர் அரிவாள் இரத்தச்சோகை என்னும் பெயர் நிலைத்தது. 1949இல் லினஸ் பாலிங் குழுவினர், குறை ஹீமோகுளோபினில் உள்ளதென நிறுவினர். பெற்றோர் வழியே வரும் இந்நோயில், ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நீள்கின்றன. அணு வளைந்து விறைக்கிறது. நுண்குழாய்களை அடைத்துக் கடும் வலியைத் தருகிறது. 1952இல் நம் நீலகிரி மலைப் பழங்குடியினரிடையேயும் இப்பண்பு உள்ளதை ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகியோர் கண்டறிந்தனர். சிகாகோவில் ஒருவரது இரத்தத்தில் கண்ட வடிவம், நம் மலைவாழ் மக்களின் துயரையும் விளக்கிற்று.

இதயத் தமனியில் இரத்தம் உறைந்து அடைபட்டாலும் நோயாளி பிழைத்திருக்கக்கூடும் என்பதை 1912இல் எடுத்துரைத்தவரும் ஹெரிக்கே. அன்று மருத்துவ உலகம் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. அவர் மனம் தளராமல் இதய மின்னலை வரைபடத்தின் துணையோடு தம் கருத்தை வலியுறுத்தி ஏற்கச் செய்தார்.

1954இல், 92ஆம் அகவையில், ஹெரிக் மறைந்தார். தாம் கண்ட அரிவாள் அணுக்களின் காரணம் வெளிப்பட்டதைக் காணும்வரை அவர் வாழ்ந்திருந்தார். விடை தெரியாத நிலையிலும் கண்டதைப் பிழையறப் பதிவு செய்தமையே, பின்வந்தோர் விடை காண வழிவகுத்தது.