புகழைத் துறந்த படைத்தலைவர் ஜார்ஜ் மார்ஷல்

போர்க்களத்தில் முன்னின்று வென்றவர்களையே வரலாறு பெரிதும் போற்றுகிறது. படையைத் திரட்டி, உணவும் உடையும் கருவியும் உரிய காலத்தில் உரிய இடம் சேர வழிவகுத்தவர்கள் மறைந்தே நிற்கின்றனர். அத்தகையோருள் தலையாயவர் அமெரிக்கப் படைத்தலைவர் ஜார்ஜ் மார்ஷல்.

இவர் 1880 டிசம்பர் 31ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்து யூனியன்டவுன் நகரில் பிறந்தார். வர்ஜீனியா இராணுவக் கல்லூரியில் 1901இல் கல்வியை முடித்து, மறு ஆண்டு படையில் சேர்ந்தார். முதல் உலகப்போரில், 1918 செப்டம்பரில், ஏறத்தாழ 6 இலட்சம் வீரர்களைப் பெரும்பாலும் இரவு வேளைகளிலேயே நகர்த்திப் பிரான்சின் மியூஸ்-ஆர்கோன் முனையில் நிறுத்தும் திட்டத்தை வகுத்தவர்களுள் முதன்மையானவர் இவரே. ஆயினும் பதவி உயர்வு விரைந்து வரவில்லை. பிரிகேடியர் ஜெனரல் நிலையை எட்டியபோது வயது 55 ஆகிவிட்டது.

1939 செப்டம்பர் 1ஆம் நாள் ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தது. அதே நாளில்தான் மார்ஷல் அமெரிக்கத் தரைப்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அன்று 2 இலட்சத்துக்கும் குறைவாயிருந்த அப்படை, போர் முடியும் வேளையில் 80 இலட்சத்தைக் கடந்திருந்தது. அதிகாரிகளைத் தேர்ந்தெடுப்பதில் அவர் நட்பையும் பரிந்துரையையும் பொருட்படுத்தாது திறமையையே நோக்கினார்.

பிரான்சின் கரையில் இறங்கி ஐரோப்பாவை மீட்கும் பெரும்படையை நடத்தும் வாய்ப்பு அவருக்கே கிட்டும் என்று பலரும் எதிர்பார்த்தனர். 1943 டிசம்பரில் கெய்ரோவில் அதிபர் ரூஸ்வெல்ட் அவருடைய விருப்பத்தை வினவினார். ஒரு சொல் சொல்லியிருந்தால் அப்பெரும் புகழ் அவருடையதாகியிருக்கும். அவரோ தமக்கென எதுவும் கேளாது, முடிவை அதிபரிடமே விட்டுவிட்டார். தலைநகரில் அவர் இன்றியமையாதவர் எனக் கருதிய அதிபர், ஐசனோவரை நியமித்தார். மறு ஆண்டு மே மாதம், மார்ஷல் தம் மகனாகவே வளர்த்த, மனைவியின் முதல் மணத்து மைந்தர் ஒருவர் இத்தாலிப் போர்முனையில் வீழ்ந்தார். பிறர் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பியவர் அத்துயரத்தைத் தாமும் சுமந்தார்.

போருக்குப்பின் சீனாவில் உள்நாட்டுப் பூசலைத் தீர்க்க அவர் மேற்கொண்ட முயற்சி பலிக்கவில்லை. 1947இல் வெளியுறவுத்துறைப் பொறுப்பேற்று, சிதைந்த ஐரோப்பாவை மீண்டும் எழுப்பும் திட்டத்தை அறிவித்தார். அவர் பெயராலேயே வழங்கும் அத்திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 1,300 கோடி டாலர் உதவி வழங்கப்பட்டது.

1948 மே மாதம் பாலஸ்தீன மண்ணில் அறிவிக்கப்படவிருந்த இஸ்ரேலை உடனே அங்கீகரிப்பதை, அதிபர் ட்ரூமன் முன்னிலையிலேயே மார்ஷல் வன்மையாக எதிர்த்தார். உள்நாட்டுத் தேர்தல் ஆதாயம் வெளியுறவு முடிவுகளைத் தீர்மானிக்கலாகாது என்பது அவர் வாதம். அது ஏற்கப்படவில்லை. எனினும் அவர் பதவி விலகவுமில்லை; வெளியில் எதிர்த்துப் பேசவுமில்லை. கட்டுப்பாடு என அதனைப் போற்றுவோர் உண்டு. உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்போரும் உண்டு. ஆயினும் அதிகாரத்தின் முகத்துக்கு நேரே தம் கருத்தை அவர் மறைக்கவில்லை என்பதை எவரும் மறுக்க இயலாது.

1953ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு இப்போர்வீரருக்கு வழங்கப்பட்டது. தம் வரலாற்றை எழுதித் தருமாறு பதிப்பகத்தார் பெரும்பொருள் தர முன்வந்தும் அவர் இசையவில்லை. 1959 அக்டோபர் 16ஆம் நாள் மறைந்தார். அவர் விரும்பியவாறே இறுதிச் சடங்கு ஆரவாரமின்றி எளிமையாக நடந்தது.

பதவி ஓர் அமானிதம் என்பது நம் மார்க்கம் கற்பிக்கும் பாடம். அதனைக் கேட்டுப் பெறாமலும், பெற்றபின் தன்னலத்துக்குப் பயன்படுத்தாமலும் வாழ்வது அரிது. நாளை பொறுப்புகளை ஏற்கவிருக்கும் மாணவமணிகள் இப்படைத்தலைவரின் வாழ்விலிருந்து கொள்ளத்தக்கது அவ்வரிய பண்பே.