ஜோசையா வெட்ஜ்வுட்

மட்கலம் வனைதல் மிகப் பழைய தொழில். தந்தையின் கைப்பழக்கம் மைந்தனுக்கு வருவதே நெடுங்காலம் அத்தொழிலின் கல்வியாக இருந்தது. அப்பழக்கத்தோடு ஆராய்ச்சியையும் இணைத்து, ஒரு தொழிற்சாலையையே சோதனைக்கூடமாக்கிய பெரியார் ஜோசையா வெட்ஜ்வுட் ஆவர்.

இவர் இங்கிலாந்தில் பர்ஸ்லெம் என்னும் ஊரில், குயவர் குடும்பமொன்றின் கடைசிப் பிள்ளையாக 1730-ஆம் ஆண்டு பிறந்தனர். ஒன்பதாம் வயதில் தந்தையை இழந்து, பின் தமையனாரிடம் தொழில் பயின்றனர். இளமையிற் கண்ட வைசூரி இவரது வலக்காலைப் பழுதாக்கிற்று. காலால் உதைத்துச் சுழற்றும் திகிரியில் அமர்ந்து வனைதல் அரிதாகவே, இவர் கருத்து மண்ணின் இயல்பை ஆராய்வதிற் சென்றது. 1768-இல் அக்கால் வெட்டி நீக்கப்பட்டது; ஆராய்ச்சியோ நின்றிலது.

1759-இல் இவர் சோதனைக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கினர். ஒவ்வொரு கலவையிலும் சிறு துண்டு செய்து, எண் பொறித்துச் சூளையிலிடுவர். அவ்வெண்ணுக்குரிய கலவை ஏட்டில் மறைகுறியால் எழுதப்பெறும். சூளையின் மேலிடமும் கீழிடமும் ஒரே வெப்பமுடையன அல்ல. ஆதலின் துண்டு வைத்த இடமும் குறிக்கப்பெறும். நன்றாக வெந்ததேயன்றி, வெடித்ததும் கொப்புளித்ததும் ஏட்டில் இடம்பெற்றன.

1769-இல் எட்ரூரியா என்னும் தொழிற்சாலையை நிறுவினர். நீலநிலத்தில் வெண்ணுருவங்கள் திகழும் ஜாஸ்பர் கலங்களைச் செய்ய முயன்றபோது பெருந்துன்பம் நேர்ந்தது. ஒருமுறை செவ்வையாக வந்தது மறுமுறை கெட்டது. மண்ணும் ஒருதன்மையதன்று; வெப்பமும் ஒருபடித்தன்று. ஆயிரக்கணக்கான சோதனைகளின் பின்னரே, 1775-ஐ ஒட்டி அக்கலை கைகூடிற்று.

சூளையின் வெப்பத்தை நிறங்கண்டு மதிப்பிடுதலே அந்நாள் வழக்கம். கண்ணை நம்பாத இவர், களிமண் துண்டு வெப்பத்தாற் சுருங்கும் அளவைக்கொண்டு வெப்பமறியும் கருவியொன்றை இயற்றி, 1782-இல் ராயல் சங்கத்தாருக்கு அறிவித்தனர். மறு ஆண்டில் அச்சங்கத்தின் உறுப்பினராயினர். அக்கருவி காட்டிய வெப்பநிலை உண்மையினும் மிக உயர்ந்ததென்று பின்வந்தோர் கண்டனர். எனினும், சூளைக்குச் சூளை ஒப்பிட ஓர் அளவை வேண்டுமென்னும் கொள்கை பிழைபட்டதன்று.

1795-இல் இவர் மறைந்தனர். எண் பொறித்த அத்துண்டுகள் பல, பார்லாஸ்டனிலுள்ள காட்சிச்சாலையில் இன்றும் காக்கப்பெறுகின்றன. மாணவராகிய நாம் பிழைத்த விடையை அழித்து மறைக்கவே விரைகின்றோம். இவரோ பிழைத்ததற்கும் எண்ணிட்டு வைத்தனர். பின்பு வந்த வெற்றியை மீண்டும் மீண்டும் நிகழ்த்த இவருக்கு இயன்றது அதனாலேயாம்.