மதுரையில் தமிழ் படித்த பிரதம நீதியரசர்

லாங்கன்தாலில் வாழும் எம்மவரின் வழக்குகள் பெரும்பாலும் புர்க்டோர்ப் நகரில் உள்ள பிராந்திய நீதிமன்றத்துக்கே போகின்றன. பாரிய குற்றவழக்குகளில் அங்கே சட்டம் படித்த நீதிபதியோடு பொதுமக்களில் இருந்து தெரிவானவர்களும் அமர்ந்து தீர்ப்பளிக்கிறார்கள். சுவிஸ் குடியுரிமை பெற்ற எங்கள் பிள்ளைகளும் நாளை அந்த இருக்கையில் அமரலாம். இதைக் கேட்டு வியக்கும் எம்மில் பலருக்கு, இலங்கையிலும் சாதாரண மக்களைத் தீர்ப்பளிக்க அழைத்த ஒருவர் 200 ஆண்டுகளுக்கு முன் இருந்தார் என்பது தெரியாது. அவர் பெயர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரன்.

1775இல் ஸ்கொட்லாந்தில் பிறந்த ஜோன்ஸ்ரன், சிறுவனாக இருக்கும்போதே பெற்றோருடன் தமிழகம் வந்தார். தகப்பனாருக்கு மதுரையில் உத்தியோகம். தஞ்சாவூரில் புகழ்பெற்றிருந்த சுவார்ட்ஸ் பாதிரியார் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர். தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும் அவருக்குப் பிள்ளைப் பருவத்திலேயே வாய்த்தன. 1792இல் குடும்பம் பிரித்தானியா திரும்பியது. அவர் சட்டம் படித்து, புதிதாக ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்த இலங்கைக்கு அரச சட்டத்தரணியாக வந்தார்.

அப்போது தீவில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சட்டமும், மக்களின் வழமைகளும், ஆங்கிலேயரின் கட்டளைகளும் ஒன்றோடொன்று மோதிக் கிடந்தன. யாழ்ப்பாணத்தவரின் வழமைகளை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்திருந்தார். அந்தத் தேசவழமைக்கு 1806இல் ஆங்கில அரசு சட்டவலு அளித்தது. ஜோன்ஸ்ரனும் தீவின் பல சமூகங்களின் வழமைகளைத் தேடிச் சேகரித்தார். மக்களின் வழக்கத்தை அறியாமல் அவர்களுக்கு நீதி வழங்க முடியாது என்பதே அவருடைய எண்ணம்.

1809இல் ஆலோசனைக்காக இலண்டன் சென்ற அவர், 1811இல் புதிய அரச பட்டயத்தோடும் பிரதம நீதியரசர் பதவியோடும் திரும்பினார். அந்தப் பட்டயம் இலங்கையர்களுக்கு யூரிமாராக அமரும் உரிமையைக் கொடுத்தது. 13 பேர் அமர்ந்து, பெரும்பான்மைப்படி தீர்ப்புச் சொன்னார்கள். நீதிமன்றில் கைகட்டி நின்ற மக்கள் அங்கே அமர்ந்து தீர்ப்புச் சொல்லத் தொடங்கினார்கள். இந்த உரிமையைப் பெற்றவர்கள் அடிமைகளை வைத்திருப்பது பொருந்தாது என்று அவர் எடுத்துச் சொன்னதன் பயனாக, 1816 ஓகஸ்ட் 12க்குப் பின் தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமானவர்கள் என்று அடிமை உடைமையாளர் பலர் ஏற்றுக்கொண்டார்கள். அடிமை முறை சட்டப்படி முற்றாக ஒழிய 1844 வரை செல்ல வேண்டியிருந்தது.

அவரை நாம் குறையற்றவராகக் காட்ட வரவில்லை. அவர் பேரரசின் ஊழியர். யூரிமாரின் பெயர்ப் பட்டியல்களைச் சாதிவாரியாக வைத்தார். குற்றம் சாட்டப்பட்டவரை அவருடைய சமூகத்தவரே விசாரிக்கட்டும் என்பது ஏற்பாடு. அது குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு பாதுகாப்பு. ஆனால் பாதிக்கப்பட்டவரின் பக்கத்தைப் புரிந்துகொள்ள அந்த இருக்கைகளில் யார் இருப்பார் என்ற கேள்விக்கு அதில் இடமிருக்கவில்லை.

அந்தக் கேள்வி எங்களை இன்றும் விடவில்லை. 1996இல் திருகோணமலை மாவட்டத்தின் குமாரபுரத்தில் 20க்கும் மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்ட வழக்கில், 2016 யூலையில் அநுராதபுரத்தில் யூரிமார் முன்னாள் இராணுவத்தினர் 6 பேரை விடுவித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், நடராஜா ரவிராஜ் கொலை வழக்கில் சிங்களம் பேசும் யூரிமார் 5 பேரை விடுவித்தார்கள். வெளிநாட்டு நீதிபதிகளின் பங்கேற்பையும் உள்ளடக்கிய ஐ.நா. மனித உரிமைகள் பேரவைத் தீர்மானத்துக்கு 2015 ஒக்டோபரில் இலங்கை அரசு தானே இணை அனுசரணை வழங்கியது; 2020இல் அதிலிருந்து விலகிக்கொண்டது. அந்த நீதிபதிகள் வரவேயில்லை.

1819இல் பதவியை விட்ட ஜோன்ஸ்ரன், 1823இல் இலண்டனில் உருவான றோயல் ஆசிய சங்கத்தின் நிறுவுனர்களில் ஒருவரானார். 1849இல் காலமானார்.

நீதிபதிகளுக்குப் பயிற்சி, நீதிமன்றங்களுக்குக் கட்டடம், கணினி என்று நாடுகள் உதவி வழங்குகின்றன. அவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வெளியில் இருந்து வந்த ஜோன்ஸ்ரன் முதலில் மக்களின் மொழியையும் வழமையையும் படித்தார். பிறகு அவர்களையே தீர்ப்பளிக்க அழைத்தார். இன்று உதவி தரும் நாடுகளிடமும், நாம் வரி கட்டும் இந்தச் சுவிஸ் நாட்டிடமும் நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பயிற்சி பெற்ற அந்த நீதிமன்றில், பாதிக்கப்பட்ட தாய் தன் மொழியில் பேசும்போது அவளை நேரடியாக விளங்கிக்கொள்ளும் ஒருவராவது தீர்ப்பளிக்கும் இருக்கையில் இருப்பாரா?